ஃபோம் கேம்பர் டிரெய்லர்: கேன்வாஸ் இணைப்பு மேடு தெரியாமல் முடிய என்ன வழி?

விஸ்கான்சின்வாசி:

வணக்கம் நண்பர்களே. மேடிசன் பக்கம் இருக்கிறேன். வீட்டு கராஜில் ஒரு ஃபோம் கேம்பர், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளே படுத்துக்கொள்ளும் கூண்டு வண்டி, கட்டிக்கொண்டிருக்கிறேன். கூடு எழும்பிவிட்டது, இப்போது துணி ஒட்டும் வேலை நடக்கிறது. அதில்தான் உங்கள் உதவி தேவை.

அடியில் நாலுக்கு எட்டு அடி இரும்புச் சட்டம். மேல்கூடு ஐந்தடி அகலம், எட்டடி நீளம், நான்கடி உயரம். முன்சுவர் செங்குத்தாக எழுந்து மேலே வளைந்து கூரையாகிறது, பின்பக்கம் தூக்குக் கதவு. சுவர், கூரை எல்லாமே இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் (கெட்டியான பாலிஸ்டைரீன் ஃபோம்) பலகை, பலகைக்குப் பலகை கொரில்லா குளூ பசை. வெளியே சதுர கெஜத்துக்கு 10 அவுன்ஸ் எடையுள்ள பருத்தி கேன்வாஸை டைட்பாண்ட் 2 மரப் பசையால் ஒட்டி, மேலே வெளிப்புற லேட்டக்ஸ் பெயின்ட் அடிக்கும் வழக்கமான முறைதான். ஃபைபர்கிளாஸ், ரெசின் செலவு இல்லை, நெடி இல்லை, குழந்தைகள் கராஜுக்குள் வந்து போனாலும் கவலை இல்லை.

பக்கச் சுவர் இரண்டும் ஒரே துண்டு. நன்றாக வந்திருக்கின்றன. மேல் விளிம்பில் நாலைந்து அங்குலத் துணியை ஒட்டாமல் தொங்க விட்டிருக்கிறேன். முன்சுவரில்தான் பிரச்சினை. துணிச் சுருள் 60 அங்குல அகலம், அதனால் மீந்த இரண்டு துண்டுகளை நடுவில் செங்குத்தாக ஒன்றன்மேல் ஒன்றாக ஓர் அங்குலம் ஏற்றி ஒட்டினேன். மேலே வரும் துண்டில் துணிக்கரை அப்படியே இருக்கிறது. ஒரு கை பெயின்ட் அடித்தேன். கேட்டுக்குள் வண்டி வரும்போதே அந்த மேடு வயல் வரப்பு போலத் தெரிகிறது. அதை ஒட்டி இரண்டு மூன்று இடத்தில் துணி உப்பியும் இருக்கிறது.

முன்சுவரை எப்படிச் சரிசெய்வது என்பது முதல் கேள்வி. கூரைக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் வரப்போகும் இணைப்பை ஏற்றி ஒட்டுவதா, வால்பேப்பர்காரர்கள் செய்வது போல இரண்டு துணியையும் சேர்த்து வெட்டி முட்ட வைப்பதா என்பது இரண்டாவது. என்னிடம் இருப்பது இதே 60 அங்குலச் சுருள்தான், இன்னும் நிறைய மீதி இருக்கிறது.


பட்டறைக்காரன்:

நல்ல கட்டத்தில் கேட்டிருக்கிறீர்கள், கூரை இன்னும் திறந்திருப்பது பெரிய வசதி. நான் மிச்சிகனில் இருக்கிறேன். இதே முறையில் கட்டிய டிரெய்லரைத்தான் மாநிலத்தின் வடக்கே மேல் தீபகற்பம் வரை இழுத்துப் போய் வருகிறோம். பனியும் மழையும் பார்த்துவிட்டது, இணைப்புகள் எதுவும் வாய் திறக்கவில்லை. துணி இணைப்பைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: மேட்டை துணியும் பசையும் ஈரமாக இருக்கும்போதே தீர்க்க வேண்டும். பெயின்டையும் பள்ளம் நிரப்பும் பட்டியையும் (putty) நம்பி விடக் கூடாது. பெயின்ட் எதையும் மறைக்காது, பளபளப்பு ஏற ஏற இன்னும் எடுத்துக் காட்டும்.

முன்சுவரைப் பார்ப்போம். உங்களுக்கு மேடு தெரிவது துணிக்கரையால். கரையில் பாவு நூல் நெருக்கமாக ஓடும், ஊடை அதைச் சுற்றித் திரும்பும், அதனால் அந்த இடம் மட்டும் தடிப்பு. சாண்டர் மெஷினை வைத்துத் தேய்க்க வேண்டாம். டைட்பாண்ட் சூட்டில் இளகும் பசை, லேட்டக்ஸ் பெயின்டும் அப்படித்தான். மெஷின் சுற்றும் சூட்டில் இரண்டும் இளகி உப்புத்தாளில் கோந்தாக அப்பிக்கொள்ளும், துணியும் பிய்ந்து வரும். அதற்குப் பதிலாக ஒரு புது பிளேடை எடுத்து, சுவரோடு கிட்டத்தட்டப் படுக்க வைத்து, அந்தக் கரை மேட்டை மட்டும் சீவி எடுங்கள். மர வேலைக்கு வைத்திருக்கும் ஸ்கிரேப்பர் தகடு இருந்தால் இன்னும் நல்லது. கீழ்த்துணியில் வெட்டு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீவிய இடத்தில் பருத்தி இழை பஞ்சு பஞ்சாக எழும். பயப்பட வேண்டாம். ஐந்து பங்கு டைட்பாண்டுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து அதன் மேல் பிரஷால் தடவி, இழையெல்லாம் ஒரே பக்கம் படியும்படி இழுத்து விடுங்கள். மறுநாள் கல்லாகக் காய்ந்திருக்கும். அப்போது 120 நம்பர் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக் கையாலேயே தேய்த்தால் மாவாக வரும். கோந்தாக வந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம், நிறுத்திவிடுங்கள்.

அதற்குப் பிறகும் கொஞ்சம் மேடு இருக்கும். கண்ணை உறுத்துவது மேட்டின் உயரம் இல்லை, திடீரென்று ஏறி இறங்குவதுதான். அதனால் மேட்டை இன்னும் குறைக்கப் பார்க்காமல், இரண்டு பக்கமும் சரிவை நீட்டி விடுங்கள். வெளிப்புறத்துக்கென்று விற்கும் அக்ரிலிக் பட்டியை வாங்கி, எட்டு அங்குல அகலப் பட்டித் தகட்டால் இணைப்பின் இரு பக்கமும் கைக்கு ஒரு சாண் வரை மெல்லியதாக இழுங்கள். ஒரே தடவையில் தடிப்பாகப் போட வேண்டாம், இரண்டு மூன்று தடவை போடலாம். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க கராஜ் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து ஒளியைச் சாய்வாக ஓட விடுங்கள். பகலில் தெரியாத பள்ளமெல்லாம் அப்போது தெரியும்.

துணி உப்பியிருப்பது பசை போதாததால். இரட்டைத் துணி வரும் இடத்தில் மேல்துணியும் கீழ்த்துணியும் சேர்ந்து பசையைக் குடித்துவிடும், ஃபோமுக்கு மிச்சம் இருக்காது. உப்பலின் நடுவில் பிளேடால் அரை அங்குலம் கீறி, ஊசி இல்லாத சிரிஞ்சால் பசையை உள்ளே விட்டு, மேலே பாலிதீன் தாள் வைத்து, ஒரு பலகையை முட்டுக் கொடுத்து இரவு முழுதும் அழுத்தி வையுங்கள். பெயின்ட் அடிக்காத இடமாக இருந்தால் இஸ்திரிப் பெட்டியாலேயே சரி செய்யலாம். காய்ந்த பசை இளகி மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆனால் எக்ஸ்பிஎஸ் 74 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்காது, மிகக் குறைந்த சூட்டில் ஓரிரு நொடி தொட்டு எடுக்க வேண்டும். பெயின்டின் மேல் இஸ்திரி வேண்டவே வேண்டாம்.

இனி கூரை. முட்ட வைக்கும் இணைப்பு பார்க்க அழகு, ஆனால் வெளியே மழையில் நிற்கும் கூரைக்கு அதை நான் சொல்ல மாட்டேன். பருத்தி துணி பசையில் நனைந்தால் சுருங்கும். இன்று முட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஓரமும் நாளை நூல் அளவு விலகும், அந்த நூல் அளவில் ஃபோம் வெளியே தெரியும். ஏற்றி ஒட்டுங்கள், குறைந்தது இரண்டு அங்குலம். ஆனால் துணிக்கரையையோ மடித்துத் தைத்த ஓரத்தையோ வைத்து ஏற்றாதீர்கள். கரையை வெட்டி எறிந்துவிட்டு, வெட்டிய ஓரத்தில் ஓரத்தோடு ஓடும் நூல்களில் நாலைந்தை உருவி எடுத்துவிடுங்கள். கால் அங்குலத்துக்குக் குஞ்சம் போலக் குறுக்கு நூல் மட்டும் நிற்கும். அந்தக் குஞ்சத்தைப் பசையில் பிரஷால் தடவிப் படிய வைத்தால் அது கீழ்த்துணியோடு கரைந்துபோகும், படிக்கட்டே இருக்காது. பசை முக்கால்வாசி காய்ந்து கை ஒட்டாத பதம் வந்ததும் வால்பேப்பர் ஒட்டும் சின்ன ரோலரால் ஓரத்தை இன்னொரு முறை அழுத்தி விடுங்கள். இந்தக் கடைசி அழுத்தத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், பாதி வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

வரிசை: தொங்கவிட்ட பக்கச் சுவர்த் துணியை முதலில் கூரை மேல் மடித்து ஒட்டுங்கள். வளைவான இடத்தில் துணி மிகுதியாகி மடிப்பு விழும், அங்கே ஓரிரு அங்குலத்துக்கு ஒரு 'வி' வெட்டு வெட்டி மிகுதியை எடுத்துவிடுங்கள். அதன் மேல் கூரைத் துணி வந்து, பக்கச் சுவரில் இரண்டு அங்குலம் இறங்க வேண்டும். மேலிருந்து வரும் துணி எப்போதும் மேலே. அதற்கு 60 அங்குலம் போதாது, 72 அங்குல அகலத்திலும் கேன்வாஸ் விற்கிறார்கள், கூரைக்கு மட்டும் அதை வாங்கிவிடலாம்.

ஒட்டுவதற்கு முன் எக்ஸ்பிஎஸ் பலகையின் பளபளப்பான தோலை 80 நம்பர் தாளால் சொரசொரப்பாக்கிவிட்டீர்கள் அல்லவா? கூரையிலும் மறக்க வேண்டாம். எல்லா வெளி மூலையையும் ஃபோமிலேயே முக்கால் அங்குலம் உருட்டித் தேய்த்துவிடுங்கள், கூர் மூலையில் துணி உட்காராது.


ஆஸ்டின் வண்டி:

இவ்வளவு சுற்றுவது எதற்கு? டிங்கரிங் கடையில் போடும் கார் பட்டியை வாங்கி மேட்டின் மேல் இழுத்துத் தேய்த்தால் அரை மணியில் கண்ணாடி மாதிரி வந்துவிடும். கார் கதவுக்கே அதுதான்.


பட்டறைக்காரன்:

ஆஸ்டின் நண்பரே, கார் கதவு இரும்பு, அதில் அது அருமையான பொருள். இங்கே வேண்டாம். அந்தப் பட்டி பாலியெஸ்டர் ரெசின், அதில் ஸ்டைரீன் இருக்கிறது. ஃபோம் பாலிஸ்டைரீன். துணியில் ஓர் ஊசித் துளை இருந்தாலும் போதும், ஸ்டைரீன் உள்ளே போய் ஃபோமைத் தின்றுவிடும். மேலே பளபளவென்று இருக்கும், அடியில் பள்ளம். பசை முழுதாக மூடியிருக்கிறது, உள்ளே போகாது என்றே வைத்துக்கொண்டாலும் காய்ந்தபின் அது விறைப்பு. இந்தச் சுவர் சாலையில் கொஞ்சம் வளைந்து கொடுத்துத்தான் போகும், துணியும் லேட்டக்ஸும் கூடவே வளையும், கார் பட்டி வெடிக்கும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் எதையும் இந்தக் கூட்டின் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், கை துடைக்கக்கூட. எபாக்ஸி மட்டும் ஃபோமை ஒன்றும் செய்யாது.


இறக்கைத்துணி:

இந்த விவாத இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. துணி போர்த்திய பழைய இரண்டு இருக்கை விமானம் ஒன்றைப் புதுப்பிக்கும் குழுவில் இருக்கிறேன். நீங்கள் செய்வதும் நாங்கள் செய்வதும் ஏறக்குறைய ஒரே வேலை. ஒரு காலத்தில் விமானங்களுக்கும் பருத்தித் துணிதான், இப்போது பாலியெஸ்டர். துணி இணைப்பைக் காற்று பிய்க்காமல் முடிப்பது எப்படி என்பதற்கு அந்தத் துறையில் நூறு வருஷ அனுபவம் இருக்கிறது.

விமானத்தில் துணி ஓரத்தை அப்படியே விடுவதில்லை. இணைப்பின் மேல் இன்னொரு நாடா ஒட்டுவார்கள். அந்த நாடாவின் இரண்டு ஓரமும் ரம்பப் பல் போல வெட்டியிருக்கும். நேராக வெட்டிய ஓரத்தில் ஒரு நூல் கிளம்பினால் அது நீளத்துக்கும் பிரிந்துகொண்டே போகும். பல் பல்லாக வெட்டினால் எந்த நூலும் ஓர் அங்குலம்கூடத் தொடர்ந்து ஓடாது, பிரிய வழியில்லை. பசை பிடிக்கும் ஓர நீளமும் கூடும், மேடும் ஒரே கோடாக இல்லாமல் உடைந்து கண்ணுக்கு மறையும். அமெரிக்க விமானத்துறையின் 1998 ஆம் ஆண்டு வழிகாட்டி, ஏசி 43.13-1பி, இறக்கையின் முன்விளிம்பில் தைக்காமல் ஒட்டும் இணைப்புக்கு நான்கு அங்குலம் ஏற்றி, அதன் மேல் நான்கு அங்குல அகலப் பல் நாடா போடச் சொல்கிறது. உங்கள் டிரெய்லர் பறக்கப் போவதில்லை, ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கு 65 மைல் காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும்போது முன்சுவர்த் துணிக்கு நிலைமை கடுமைதான்.

அதே வழிகாட்டி இன்னொன்றும் சொல்கிறது: இணைப்புகள் பறக்கும் திசைக்கு இணையாக ஓடுவது நல்லது. இதை வைத்துப் பார்த்தால் உங்கள் 60 அங்குலச் சுருளே போதும் என்று தோன்றுகிறது, பட்டறைக்காரர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். சுருளைக் குறுக்கே போடாமல் நீளவாக்கில் போடுங்கள். முன்சுவரின் அடியில் தொடங்கி, மேலே ஏறி, வளைவைக் கடந்து, கூரை முழுவதும் ஓடி, பின்கதவு விளிம்பில் முடியும் ஒரே துண்டு. குறுக்கு இணைப்பே கிடையாது. கரையை வெட்டிய பின் 59 அங்குலம் இருக்கும், இரு பக்கமும் மூலைக்கு அரை அங்குலம் உள்ளே நிற்கும். பக்கச் சுவர்த் துணி ஏற்கெனவே அதன் அடியில் நாலைந்து அங்குலம் வந்திருப்பதால் ஃபோம் எங்கும் வெளியே தெரியாது. கடைசியாக மூலையின் மேல் நான்கு அங்குலப் பல் நாடா: பாதி கூரையில், பாதி பக்கச் சுவரில். நாடாவையும் அதே கேன்வாஸிலிருந்து வெட்டலாம். தையல்காரர்கள் வைத்திருக்கும் ஜிக்ஜாக் கத்தரி போதும். வளைவான இடத்துக்கு மட்டும் துணியைக் கிராஸாக, நூலுக்குச் சாய்வாக, வெட்டிக்கொள்ளுங்கள், அது இழுத்த இழுப்புக்கு வரும், 'வி' வெட்டு தேவைப்படாது.

குறுக்கு இணைப்பு ஏன் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கூரையின் பின்பாதியில் முன்துண்டு மேலே ஏறினால் காற்றுக்கும் சரி, தண்ணீருக்கும் சரி. ஆனால் முன்சுவரிலும் முன்வளைவிலும் தண்ணீர் கீழ்நோக்கி ஓடும், காற்று எதிரே வரும். தண்ணீருக்காக மேல்துணியை மேலே போட்டால் அதன் ஓரம் காற்றுக்கு வாய் காட்டும். காற்றுக்காக மாற்றிப் போட்டால் தண்ணீர் புகும். அந்தப் பகுதியில் இணைப்பே இல்லாமல் இருப்பதுதான் தீர்வு.

நீங்கள் மேடிசனில் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். ஓஷ்கோஷில் ஈஏஏ என்ற விமான ஆர்வலர் சங்கத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது, உங்களுக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம். துணி இறக்கை உள்ள விமானத்தின் பக்கத்தில் நின்று, நாடா ஓரம் பெயின்டுக்கு அடியில் எப்படி அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். பத்து நிமிஷம் பார்த்தாலே கைக்கு விளங்கிவிடும்.


ஸ்கார்பரோ தச்சன்:

தம்பி, நான் கனடாவில் மரக் கனூப் படகு திருத்துகிற ஆள். மரப் பலகைக்கு மேலே கேன்வாஸ் போர்த்திய பழைய கனூக்கள். அவற்றில் கேன்வாஸ் ஒரே துண்டு, இழுத்துக் கட்டிப் போர்த்துவோம், நடுவில் இணைப்பே வராது. இரண்டு முனையில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அந்த இடத்துக்கு மேலே பித்தளைப் பட்டை வரும். கல்லில் இடிபடுகிற இடம் அது, துணி ஓரத்தைத் தனியே நம்பி விட மாட்டோம். பீட்டர்பரோவில் உள்ள கனூ அருங்காட்சியகத்துக்கு வந்தால் வடிவாகப் பார்க்கலாம், 2024 இல் புதுக் கட்டடத்துக்கு மாறியிருக்கிறார்கள்.

உங்கள் மூலைக்கும் அது வேணும். நாடா ஒட்டி பெயின்ட் அடித்த பிறகு, நேராக ஓடுகிற விளிம்புகளில் ஓர் அங்குல அலுமினிய 'எல்' பட்டை வைத்துவிடுங்கோ. மரக்கிளை உரசும், ஏணி சாய்ப்பார்கள், பெடியன்கள் ஏறுவார்கள், மூலைதான் முதலில் அடிபடும். ஆனால் ஃபோமில் திருகாணி நிற்காது. கூரைத் துணி இன்னும் ஒட்டவில்லை என்றபடியால் இப்பவே செய்யுங்கோ: மூலையிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே கூரை ஃபோமில் நீளமாக ஒரு காடி வெட்டி, முக்கால் அங்குல மரச் சட்டத்தை எபாக்ஸியால் இறக்கிவிடுங்கோ. பட்டையின் கூரைப் பக்கத்துச் சிறகு அந்த மரத்தில் திருகுப்படும் அளவுக்கு இடத்தைப் பார்த்து வெட்டுங்கோ, ஓர் அங்குலப் பட்டை எட்டாவிட்டால் ஒன்றரை அங்குலம் வாங்குங்கோ. துணியை ஒட்டிவிட்ட பிறகு இது முடியாத வேலை.

பட்டைக்கு அடியில் பியூட்டைல் டேப், ஒட்டுகிற ரப்பர் நாடா. சிலிக்கோன் வேண்டாம். சிலிக்கோன் பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் பிடிக்காது, பசையும் பிடிக்காது, திருத்த வருகிறவன் அழுவான். பியூட்டைல் வருஷக்கணக்காக மென்மையாகவே இருக்கும், திருகாணி துளையையும் தானே மூடிக்கொள்ளும். வளைவில் 'எல்' பட்டையை வளைக்கப் போய் முறிக்காதையுங்கோ, அங்கே நாடாவை இரண்டு தரம் ஒட்டினால் காணும்.


விஸ்கான்சின்வாசி:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாகப் பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. காடி வெட்டும் வேலையை இன்று மாலையே தொடங்குகிறேன்.

பட்டறைக்காரர் அண்ணா, ஒரு சந்தேகம். ஒரே துண்டாக முன்சுவரின் அடியிலிருந்து தொடங்கினால், ஏற்கெனவே துணி ஒட்டிப் பெயின்ட் அடித்த முன்சுவரின் மேல் இரண்டாவது துணி வரும். பெயின்டின் மேல் பசை பிடிக்குமா? இங்கே அக்டோபர் பாதி தாண்டிவிட்டது, இரவில் ஐந்து டிகிரி செல்சியஸுக்கு இறங்குகிறது. கூட்டுக்குள் ஒரு சின்ன மின் ஹீட்டர் வைத்தால் போதுமா? கூரைக்கு அடர் பச்சை அடிக்க வேண்டும் என்று வீட்டில் ஆசைப்படுகிறார்கள், அதையும் கேட்டுவிடுகிறேன்.


பட்டறைக்காரன்:

தம்பி, விமான நண்பர் சொன்ன நீளவாக்கு யோசனை நான் சொன்னதைவிடச் சிறந்தது. 72 அங்குலத் துணி வாங்க வேண்டாம், அவர் சொன்னபடியே செய்யுங்கள். முன்சுவர் மேல் இரண்டு அடுக்கு வருவது நன்மைதான். முன்னால் போகும் லாரி வாரியிறைக்கும் கல்லெல்லாம் அங்கேதான் படும். ஐந்துக்கு நான்கடிக்கு இந்தத் துணியின் எடை முக்கால் கிலோகூட வராது.

பெயின்டின் மேல் பிடிக்கும், ஆனால் பளபளப்பு முழுக்கப் போகும் வரை 80 நம்பர் தாளால் கையால் தேய்த்து, ஈரத் துணியால் தூசியைத் துடைத்து, காய விட வேண்டும். டைட்பாண்டில் உள்ள தண்ணீர் வெளியேறினால்தான் அது இறுகும். கீழே பெயின்ட் தண்ணீரை விடாவிட்டாலும் மேலே துணி விடும், அதனால் கவலை இல்லை. ஒரு மூலையில் கையகலத் துண்டை ஒட்டி, இரண்டு நாள் கழித்து உரித்துப் பாருங்கள். பெயின்டோடு சேர்ந்து உரிந்து வந்தால் அந்தப் பெயின்டே சுவரில் சரியாகப் பிடிக்கவில்லை, சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நடுவில் இருக்கும் மேட்டையும் உப்பலையும் நான் முதலில் சொன்னபடி சரிசெய்த பிறகே இரண்டாவது துணி. மேலே துணி வருகிறதே, மறைந்துவிடும் என்று விட வேண்டாம், அப்படியே அச்சாகத் தெரியும். ஆனால் அக்ரிலிக் பட்டி போடாதீர்கள், சீவி, பசை தடவி, தேய்த்ததோடு நிறுத்துங்கள். பட்டி வேலையைக் கடைசித் துணிக்கு வைத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் தேவையே படாது.

குளிர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். டைட்பாண்ட் 2க்கு 55 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 13 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வேண்டும். பசை, துணி, ஃபோம் மூன்றுமே அந்தச் சூட்டில் இருக்க வேண்டும், காய்ந்து முடியும் வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் பசை வெளுத்துப் பொடியாகக் காயும், பலம் இருக்காது. கூட்டுக்குள் ஹீட்டர் வைப்பதில் பயனில்லை. இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ்ஸின் வெப்பத் தடை அளவு ஆர்-10, உள்ளே இருக்கும் சூட்டை வெளித்தோலுக்கு விடவே விடாது, அதற்காகத்தானே அதை வாங்கினோம். கராஜ் முழுவதையும் சூடாக்குங்கள், மின் ஹீட்டரால். எரிவாயு ஹீட்டர் ஃபோம் தூசி நடுவில் ஆபத்து, அது எரியும்போது வரும் நீராவியில் பசையும் காயாது. பக்கத்தில் உப்புத்தாள் தூசியோ ஃபோம் துண்டோ கிடக்காமல் பெருக்கிவிட்டு ஹீட்டரைப் போடுங்கள். சூடாக்க முடியாவிட்டால் காடி, மரச் சட்டம், மூலை உருட்டுவது, கதவுத் திறப்பைச் சுத்தம் செய்வது எல்லாவற்றையும் இப்போது முடித்து, துணியை மே மாதத்துக்கு வைத்துவிடுங்கள். வண்டியைத் தார்ப்பாய் போட்டு வெயில் படாமல் மூடி வையுங்கள், எக்ஸ்பிஎஸ் வெயிலில் மேல்தோல் பொடியாகிவிடும்.

கதவுத் திறப்பில் துணியை உள்ளே மடிக்கும்போது மூலைக்குச் சாய்வாக வெட்டுவீர்கள். மூலை வரை வெட்டாமல் கால் அங்குலம் முன்னாலேயே நிறுத்துங்கள், அதன் மேல் கிராஸாக வெட்டிய இரண்டு அங்குலத் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள். விரிசல் எப்போதும் அந்த உள்மூலையில்தான் தொடங்கும்.

பெயின்டில் முதல் கை மட்டும் கொஞ்சம் தண்ணீர் கலந்து, நெசவுக்குள் இறங்கும்படி அடியுங்கள். அது காய்ந்ததும் டார்ச் வைத்துப் பார்த்து, தேவையான இடத்தில் பட்டி, அப்புறம் இரண்டு கை முழுப் பெயின்ட். எந்த இடத்திலும் பசை மஞ்சளாக வெளியே தெரியக் கூடாது, வெயிலும் தண்ணீரும் அதைக் கெடுக்கும்.

அடர் பச்சையைப் பக்கச் சுவரில் கீழ்ப்பாதியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஜூலை வெயிலில் அடர் நிறக் கூரை கை வைக்க முடியாத சூட்டுக்குப் போகும். ஃபோமின் எல்லை 74 டிகிரி, அதற்கு முன்பே பசை இளக ஆரம்பித்து இணைப்பு ஓரம் உப்பும். கூரைக்கு வெள்ளை அடியுங்கள். வெள்ளை பிடிக்கவில்லை என்றால் மிக இளம் பச்சை.